ஆங்கிலம் படிக்க ஆசை, "இந்த வயசுல எதுக்கு?" என்கிறார் மகன்

சிங்கப்பூரில், செங்காங் வட்டாரத்தில் வசிக்கும் ஒரு வாசகியிடமிருந்து வந்த கடிதம் இது. பெயர், புளோக் எண், பேரன் படிக்கும் பள்ளி என்று அடையாளம் காட்டக்கூடிய எல்லாவற்றையும் எடுத்துவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு வயது 68. தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்தார். அதன்பின் மின்னியல் தொழிற்சாலையில் வேலை. கல்யாணமாகிப் பிள்ளை வளர்ந்த பிறகு ஒரு பள்ளி உணவகக் கடையில் உதவியாளர். கணவர் இறந்து மூன்று வருடமாகிறது. மகன், மருமகள், பேரனோடு இருக்கிறார். பேரனைக் கைக்குழந்தையிலிருந்து வளர்த்தவர் இவர்தான். இந்த ஆண்டு அவன் உயர்நிலை ஒன்றுக்குப் போய்விட்டான், இணைப்பாட நடவடிக்கை எல்லாம் முடிந்து வீடு திரும்ப மாலை ஐந்து மணிக்கு மேலாகிறது. "எட்டு மணிக்கு எல்லாரும் கிளம்பிட்டா சாயந்தரம் வரைக்கும் நான் யார்கிட்டயும் ஒரு வார்த்தை பேசுறதில்லை" என்று எழுதியிருக்கிறார்.

மருமகள் சொல்லி, பக்கத்துப் புளோக்கின் கீழ்த்தளத்தில் இருக்கும் மூத்தோர் நிலையத்துக்கு இரண்டு முறை போயிருக்கிறார். அன்று வந்திருந்தவர்கள் எல்லாரும் சீனர்கள். பிங்கோ விளையாட்டில் எண்ணை மாண்டரினில் சொல்ல, இவருக்குப் புரியவில்லை. பக்கத்தில் இருந்த அம்மா இவருடைய அட்டையை இழுத்துத் தானே குறித்துக் கொடுத்திருக்கிறார். நல்ல மனத்தோடு செய்ததுதான், ஆனால் இவருக்குக் கூச்சமாகிவிட்டது. அதோடு போவதை நிறுத்திவிட்டார்.

பிறகு கோயிலில் பழக்கமான ஒருவர், கடைத்தொகுதி ஒன்றில் நடக்கும் 'மூளைப் பயிற்சி' வகுப்புக்கு அழைத்துப் போயிருக்கிறார். 30 வகுப்புகளுக்கு 1,680 வெள்ளி. "இதைச் செய்தால் மறதி நோய் வராது" என்று உறுதி சொல்லியிருக்கிறார்கள். இவருடைய தாயாருக்குக் கடைசிக் காலத்தில் மறதி நோய் இருந்தது, அந்தப் பயத்தில் 400 வெள்ளி முன்பணம் கட்டி ஆங்கிலப் படிவம் ஒன்றில் கையெழுத்தும் போட்டுவிட்டார். மீதிப் பணத்துக்கு ஸ்கில்ஸ்ஃபியூச்சர் கிரெடிட்டை (குடிமக்களின் படிப்புச் செலவுக்கு அரசாங்கம் தரும் தொகை) பயன்படுத்தலாம், உடனே பயன்படுத்தாவிட்டால் எல்லாம் போய்விடும், சிங்பாஸ் (அரசாங்கச் சேவைகளுக்கான மின்னிலக்க அடையாளம்) கடவுச்சொல்லைக் கொடுங்கள், நாங்களே செய்துவிடுகிறோம் என்று கேட்டபோதுதான் தயங்கி வீட்டுக்கு வந்திருக்கிறார். மகனுக்குக் கோபம். "வீட்ல சும்மா இருந்தா என்னம்மா" என்று கத்தியிருக்கிறார்.

கடைசிப் பக்கத்தில், போகிற போக்கில் இப்படி எழுதியிருக்கிறார்: "எனக்கு ஆங்கிலம் எழுத்துக்கூட்டத் தெரியும், பஸ்ஸில் ஊர்ப்பெயர் படிப்பேன். நகர மன்றக் கடிதம், மருத்துவமனைக் கடிதம் வந்தால் புரியாது. அவர் இருந்தவரை படித்துச் சொல்வார். இப்போது டிவிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் பேரன் வரும்வரை காத்திருக்கிறேன். நானே படிக்க வேண்டும் என்று ஒரு ஆசை. மகனிடம் சொன்னேன், இந்த வயசுல எதுக்கு என்கிறான். பேரன் வேறு, நான் டிவி சத்தத்தை அதிகமாக வைக்கிறேன் என்கிறான், காதும் போய்விட்டதோ தெரியவில்லை. இனிமேல் படிப்பு ஏறுமா? இப்படி ஆசைப்படுவது சுயநலமா?"

அம்மா, மூளைப் பயிற்சி வகுப்பைப் பற்றி இரண்டு பக்கம் எழுதிவிட்டு, ஆங்கிலம் படிக்கும் ஆசையை ஒரு ஓரமாக எழுதியிருக்கிறீர்கள். மூத்தோரோடு பல வருடம் வேலை பார்த்த ஆலோசகர் என்ற முறையில் சொல்கிறேன், முதலில் பேச வேண்டியது அந்த ஓரத்தில் இருக்கும் விஷயம்தான். உங்களுக்கு என்ன வேண்டும் என்பது உங்களுக்கே நன்றாகத் தெரிந்திருக்கிறது. வீட்டுக்கு வரும் கடிதத்தை நீங்களே பிரித்துப் படிக்க வேண்டும். இத்தனை தெளிவான காரணத்தோடு வகுப்பு தேடி வருபவர்கள் குறைவு. "ஏதாவது கற்றுக்கொள்ள வேண்டும்" என்று வந்து நாலாவது வாரத்தில் நின்றுபோகிறவர்கள்தான் அதிகம்.

படிப்பு ஏறுமா என்று கேட்டீர்கள். ஏறும். ஆனால் இளவயதில் ஏறிய மாதிரி ஏறாது, அதையும் சொல்லிவிடுகிறேன். வயதாக ஆக மனப்பாடம் செய்யும் வேகம் குறையும், புதிய சொல் ஒன்று மனதில் நிற்கப் பல முறை கண்ணில் பட வேண்டும், ஒரே நேரத்தில் இரண்டு பேர் பேசினால் குழப்பம் வரும். ஆனால் சொற்களின் பொருளை அறிவது, தெரிந்ததோடு புதியதைச் சேர்த்துப் புரிந்துகொள்வது, இவையெல்லாம் வயதால் அவ்வளவாகக் குறைவதில்லை. அதோடு நீங்கள் ஒன்றுமே தெரியாமல் தொடங்கவில்லை. உங்கள் காலத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆங்கிலம் இரண்டாம் மொழி, எழுத்துகள் அன்றைக்கே கைக்கு வந்தவை. ஐம்பது வருடமாகச் சிங்கப்பூரில் கடைப்பலகையும் பேருந்து எண்ணும் பார்த்து வந்திருக்கிறீர்கள். காதால் கேட்டுத் தெரிந்த ஆங்கிலச் சொற்களே சில நூறாவது இருக்கும். காதுக்குத் தெரிந்த அந்தச் சொற்களைக் கண்ணுக்கும் காட்டிக் கொடுக்க வேண்டும், அதுதான் பாக்கி.

சுயநலமா என்பதற்கும் இப்போதே பதில் சொல்லிவிடுகிறேன்: இல்லை. வேலைக்குப் போகும் தாயின் 12 வயதுக்கு உட்பட்ட பிள்ளையைத் தாத்தா பாட்டி பார்த்துக்கொண்டால், நிபந்தனைகளுக்கு உட்பட்டு அந்தத் தாய்க்கு 3,000 வெள்ளி வருமான வரிக் கழிவு கொடுக்கிறது இந்த நாடு. நீங்கள் பன்னிரண்டு வருடம் செய்த வேலைக்கு மதிப்புண்டு என்று வரிச்சட்டமே ஒப்புக்கொள்கிறது. அந்த வேலை முடிந்துவிட்டது. காலை நேரம் இப்போது உங்களுடையது.

400 வெள்ளியும் சிங்பாஸும்

இதைத் தள்ளிப் போடாதீர்கள். சிங்பாஸ் கடவுச்சொல்லைக் கொடுக்காமல் வந்தது மிக நல்லது. அது வெறும் வகுப்புப் பதிவுக்கான சாவி இல்லை. மத்திய சேம நிதி, வீடு, மருத்துவப் பதிவு, வங்கிக் கணக்கு திறப்பது வரை போகும். எந்தப் பயிற்சி நிலையமும் உங்களிடம் அதைக் கேட்கக் கூடாது, "நாங்களே செய்து தருகிறோம்" என்று அன்பாகக் கேட்டாலும்தான்.

ஸ்கில்ஸ்ஃபியூச்சர் பற்றி உங்களுக்குச் சொல்லப்பட்டதிலும் ஒரு தவறு இருக்கிறது. 2016இல் 25 வயதுக்கு மேற்பட்ட குடிமக்களுக்குக் கொடுத்த முதல் 500 வெள்ளிக்குக் காலாவதி கிடையாது, நீங்கள் இதுவரை தொடவில்லை என்றால் அப்படியே இருக்கும். 2020இல் கொடுத்த கூடுதல் 500 வெள்ளிக்குத்தான் 2025 டிசம்பர் 31 வரை என்று கெடு வைத்தார்கள். 2024 மே மாதம் 40 வயதுக்கு மேற்பட்டோருக்கு வந்த 4,000 வெள்ளி, வேலை தொடர்பான குறிப்பிட்ட பாடங்களுக்கு மட்டும். ஆக, "உடனே பயன்படுத்தாவிட்டால் எல்லாம் போய்விடும்" என்று யாராவது அவசரப்படுத்தினால் நம்ப வேண்டாம். அங்கீகரிக்கப்பட்ட பாடங்களுக்கு மட்டும்தான் அந்தப் பணம் செல்லும். ரொக்கமாக மாற்ற முடியாது. பொய்க் கோரிக்கை போட்டால் பணத்தைத் திருப்பிக் கட்டுவதோடு வழக்கும் வரலாம்.

இனி அந்த 400. உங்கள் தோழி, ஐந்து நாளில் ரத்து செய்யலாம் என்று சொன்னதாக எழுதியிருந்தீர்கள். அது முழுக்கச் சரியில்லை. அழைக்காமலேயே வீட்டுக்கு வந்து விற்பது போன்ற சில வகை விற்பனைகளுக்குத்தான் அந்த ஐந்து வேலைநாள் விதி. நீங்களாகக் கடைக்குப் போய்க் கையெழுத்திட்டதற்கு அது தானாகப் பொருந்தாது. ஆனால் வேறு ஒரு வழி உண்டு. பயனீட்டாளர் பாதுகாப்பு நியாய வர்த்தகச் சட்டத்தின்படி, ஒரு வாடிக்கையாளருக்கு ஒப்பந்தத்தின் மொழியோ தன்மையோ புரியவில்லை என்று தெரிந்தும் அதைத் தனக்குச் சாதகமாக்கிக்கொள்வது நியாயமற்ற நடைமுறை. பொய்யான வாக்குறுதியும் அப்படித்தான். ஆங்கிலப் படிவம், விளக்கிச் சொல்லாமல் வாங்கிய கையெழுத்து, நோய் வராது என்ற உத்தரவாதம். இந்த மூன்றையும் தேதியோடு ஒரு தாளில் எழுதுங்கள், தமிழில் எழுதினால் போதும், மகனோ பேரனோ ஆங்கிலத்தில் மாற்றிக் கொடுக்கட்டும். அந்த நிலையத்துக்கு அனுப்பி, ஒப்பந்தத்தை ரத்து செய்கிறேன், முன்பணத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்று கேளுங்கள். ரசீதையும் படிவத்தையும் பத்திரமாக வையுங்கள். மறுத்தால் சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கம் பேசிப் பார்க்கும், அதுவும் சரிவராவிட்டால் சிறு கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது. 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை அது விசாரிக்கும், அங்கே வழக்கறிஞர் தேவையில்லை. முழுப் பணமும் கிடைக்கும் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. ஆனால் இப்படி எழுத்தில் கேட்ட உடனே இறங்கி வருகிற நிலையங்களைப் பார்த்திருக்கிறேன்.

மறதிப் பயம்

மறதி நோய் வராது என்று எந்த வகுப்பும் உத்தரவாதம் கொடுக்க முடியாது. புதிர், நினைவாற்றல் விளையாட்டு ஆகியவற்றைத் திரும்பத் திரும்பச் செய்தால் அந்தந்த விளையாட்டில் கெட்டிக்காரர் ஆவோம், அது அன்றாட வாழ்க்கைக்கு எவ்வளவு கைகொடுக்கும் என்பது வேறு கேள்வி. 2024இல் லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் மாற்றக்கூடிய 14 காரணிகளைப் பட்டியலிட்டது. வாழ்நாள் முழுக்க அவற்றைக் கவனித்தால் உலகில் மறதி நோய் வருபவர்களில் 45 விழுக்காடு வரை தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியலாம் என்றது. அந்தப் பட்டியலில் இருப்பவற்றைப் பாருங்கள்: ரத்த அழுத்தம், நீரிழிவு, கெட்ட கொழுப்பு, உடலுழைப்பின்மை, மனச்சோர்வு, தனிமை, பார்வைக் குறை, செவிக்குறை. இவற்றில் ஒன்றுக்கும் 1,680 வெள்ளி வகுப்பு தேவையில்லை. அம்மாவுக்கு இருந்ததால் உங்களுக்கும் கட்டாயம் வரும் என்பதும் இல்லை. முதிய வயதில் வரும் மறதி நோயில் குடும்ப வரலாறு ஆபத்தைக் கொஞ்சம் கூட்டும், அவ்வளவுதான்.

கண்ணாடியை எங்கே வைத்தோம் என்று தேடுவது, பக்கத்து வீட்டுக்காரர் பெயர் சட்டென்று வராமல் போவது, இவை எல்லாருக்கும் நடக்கும். பழகிய வழியில் திசை தெரியாமல் நிற்பது, சில்லறைக் கணக்கு குழம்புவது, கேட்டதையே திரும்பக் கேட்பது என்றால் பலதுறை மருந்தகத்திலோ உங்கள் குடும்ப மருத்துவரிடமோ காட்ட வேண்டும். தைராய்டு, வைட்டமின் பி12 குறைவு, தூக்கமின்மை, மனச்சோர்வு போன்ற சரிசெய்யக்கூடிய காரணங்களாலும் மறதி வரும். கணவர் போன பிறகு உங்கள் தூக்கமும் பசியும் எப்படி இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் மனம் ஒட்டவில்லை என்றால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். இரவில் மனம் தாங்காமல் போனால் 1771 என்ற மனநல உதவி எண்ணுக்கு எந்த நேரமும் அழைக்கலாம்.

உங்கள் கடிதத்தில் என் கண்ணில் பட்டது காது. பேரன் சொன்ன அந்த டிவி சத்தம். வயதால் வரும் செவிக்குறை உயர்ந்த சுருதி ஒலிகளைத்தான் முதலில் தின்னும். ஆங்கிலத்தில் 'எஸ்', 'எஃப்', 'டிஹெச்' போன்ற ஒலிகள் அந்த இடத்தில்தான் இருக்கின்றன. காதைப் பார்க்காமல் ஆங்கில வகுப்பில் போய் உட்கார்ந்தால், கேட்காததைப் புரியவில்லை என்று நினைத்து, "எனக்குப் படிப்பு ஏறாது" என்று முடிவு கட்டிவிடுவீர்கள். அதனால் வகுப்புக்கு முன்னால் காது. 60 வயதுக்கு மேற்பட்டோருக்குக் கண், காது, வாய் மூன்றையும் பார்க்கும் மானியப் பரிசோதனைகள் இங்கே உண்டு. கருவி தேவைப்பட்டால் குடும்ப வருமானத்தைப் பொறுத்து அதற்கும் மானியம் உண்டு. ஒருங்கிணைந்த பராமரிப்பு அமைப்பின் எண் 1800-650-6060, அங்கே விசாரித்தால் வழி சொல்வார்கள்.

கீழே இருக்கும் அந்த நிலையம்

"அது சீனர்களுக்கான இடம், நான் போகக் கூடாத இடம்" என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு அதைப் படிக்க வருத்தமாக இருந்தது, கோபமாகவும் இருந்தது. உங்கள் மேல் இல்லை. நம் தமிழ் அம்மாக்களில் எத்தனையோ பேர் இதே அனுபவத்தோடு முதல் நாளிலேயே திரும்பி வருகிறார்கள், நிலையத்தில் இருப்பவர்களோ "இந்தியர்கள் வருவதில்லை" என்று நினைத்துக்கொள்கிறார்கள். இப்படிப்பட்ட மூத்தோர் நிலையம், அதாவது துடிப்பாக மூப்படைதல் நிலையம், அரசாங்க நிதியில் நடப்பது. சுற்றுவட்டாரத்தில் இருக்கும் 60 வயதுக்கு மேற்பட்ட எல்லாருக்கும் அது பொது. நடவடிக்கைகள், நட்புக்கு ஆள் சேர்ப்பது, சேவைகளைப் பற்றித் தகவல் கொடுப்பது ஆகியவை அதன் வேலை. நீங்கள் அங்கே விருந்தாளி இல்லை.

போய் அங்கே இருக்கும் ஊழியரிடம் தனியாக இரண்டு நிமிடம் பேசுங்கள். எண்களை ஆங்கிலத்திலோ மலாயிலோ சேர்த்துச் சொல்ல முடியுமா என்று கேளுங்கள். கேட்டால்தான் அவர்களுக்குத் தெரியும். அந்த மாத அட்டவணையை வாங்கிப் பாருங்கள், பெரும்பாலான நிலையங்கள் கதவருகே ஒட்டியிருப்பார்கள். பேச்சை நம்பி நடக்கும் நடவடிக்கையை விட்டுவிட்டு, கையும் காலும் வேலை செய்வதைத் தேர்ந்தெடுங்கள். உடற்பயிற்சிக்கு மொழி வேண்டாம், முன்னால் நிற்பவரைப் பார்த்துச் செய்தால் போதும். செடி வளர்ப்பு, சமையல் ஆகியவையும் அப்படித்தான். மலாய் நன்றாகப் பேசுவேன் என்று எழுதியிருக்கிறீர்களே, அது உங்களுக்குக் கிடைத்த பெரிய வசதி. உங்கள் வயதுச் சீன அம்மாக்களில் பலர் அந்தக் காலத்துச் சந்தை மலாயில் சரளமாகப் பேசுவார்கள். "ஆப்பா கபார்" (எப்படி இருக்கீங்க) என்று தொடங்கிப் பாருங்கள், உங்கள் அட்டையைக் குறித்துக் கொடுத்த அந்த அம்மாவிடமிருந்தே தொடங்கலாம்.

இன்னொன்று. பள்ளி உணவகக் கடையில் அத்தனை வருடம் சமைத்தவர் நீங்கள். சமையல் நடவடிக்கை இருக்கும் நாளில், ஒரு தடவை நான் கொழுக்கட்டை செய்து காட்டட்டுமா என்று கேளுங்கள். வட்டமாக நின்று நாலு பேர் மாவை உருட்டும்போது உங்களைப் பார்க்கும் பார்வையே மாறும். கற்றுக்கொள்ள வந்தவர் என்பதோடு கற்றுக்கொடுக்கத் தெரிந்தவர் என்றும் ஆகிவிடுவீர்கள். இதையெல்லாம் செய்தும் ஒட்டவில்லையா, வேறு பேட்டையில் இந்தியர்கள் அதிகம் வரும் நிலையம் இருக்கிறதா என்று விசாரியுங்கள்.

ஆங்கில வகுப்பு எங்கே, எப்படி

முதல் இடம் சமூக மன்றம். இந்த மன்றங்களை நடத்தும் மக்கள் கழகத்தின் பாடங்கள் தீவு முழுக்க நடக்கின்றன, இணையத்தில் ஒன்பிஏ தளத்தில் பட்டியல் இருக்கும். இல்லாவிட்டால் முகப்புக்கு நேரில் போய்க் கேட்டாலே போதும். பேச்சு ஆங்கிலப் பாடங்கள் அவ்வப்போது தொடங்கும். ஆனால் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். குறைந்தபட்ச எண்ணிக்கை சேராவிட்டால் வகுப்பு தொடங்காது. பதிவு செய்துவிட்டு, பிறகு ரத்து என்று குறுஞ்செய்தி வந்தால் உங்களால்தான் என்று நினைத்து மனம் விட்டுவிட வேண்டாம்.

இதையே நமக்குச் சாதகமாகவும் திருப்பலாம். கோயிலில் உங்களுக்குத் தெரிந்த அம்மாக்களில் எத்தனை பேர் கடிதத்தை டிவி பக்கத்தில் வைத்துக் காத்திருக்கிறார்கள்? கூச்சத்தில் யாரும் சொல்வதில்லை. நீங்கள் சொன்னால் அவர்களும் சொல்வார்கள். ஏழெட்டுப் பெயரை எழுதிக்கொண்டு சமூக மன்றத்தின் இந்தியர் நற்பணிச் செயற்குழுவிடம் போங்கள். தீபாவளி, பொங்கல் நிகழ்ச்சிகளை நடத்துகிறவர்கள் அவர்கள்தான். "எங்களுக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கும் ஆங்கிலம் வேண்டும், தமிழில் விளக்கிச் சொல்லும் ஒருவர் வேண்டும், காலையில் வேண்டும்" என்று கேளுங்கள். ஆள் இருக்கிறது என்று காட்டிவிட்டால் தொண்டூழியர் ஒருவரைத் தேடுவது அவ்வளவு கடினமில்லை. ஓய்வுபெற்ற தமிழாசிரியர்கள் நம்மிடையே எத்தனையோ பேர் இருக்கிறார்கள்.

2016இல் தொடங்கிய நேஷனல் சில்வர் அகாடமியைப் பற்றியும் கேள்விப்பட்டிருப்பீர்கள். 50 வயதுக்கு மேற்பட்ட குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் பல்கலைக்கழகம், பலதுறைத் தொழிற்கல்லூரி, தொண்டு அமைப்பு என்று பல இடங்களில் மானியத்தோடு பாடங்கள் உண்டு. நல்ல திட்டம். ஆனால் பெரும்பாலான பாடங்கள் ஆங்கிலத்திலோ மாண்டரினிலோ நடக்கின்றன, ஆங்கிலம் படிக்கவே வகுப்பு தேடும் ஒருவருக்கு இது உடனே பயன்படாது. ஒரு வருடம் கழித்துப் பாருங்கள். வேலை செய்வோருக்கான ஆங்கில எழுத்தறிவுப் பாடங்களும் இருக்கின்றன, அவை வேலையிடத்தையும் தேர்வையும் மனத்தில் வைத்து வேகமாக ஓடும். அதை உங்களுக்கு முதல் வகுப்பாக நான் சொல்லமாட்டேன்.

வகுப்பு கிடைக்கும்வரை சும்மா இருக்க வேண்டாம். கம்பஸ் ஒன் கடைத்தொகுதியில் செங்காங் நூலகம் இருக்கிறது. சிறுவர் பகுதிக்குப் போய், பெரிய எழுத்தில், பக்கத்துக்கு இரண்டு மூன்று வரி உள்ள ஆங்கிலப் புத்தகங்களை எடுங்கள். பேரனுக்கு என்று நினைப்பார்கள், நினைக்கட்டும். தமிழ்ப் புத்தகமும் ஒன்று சேர்த்து எடுங்கள், உங்களுக்கு ஏற்கெனவே சரளமாக வரும் வாசிப்பை விட்டுவிடக் கூடாது. அப்புறம், சமூக மன்றங்களிலும் நூலகங்களிலும் மூத்தோருக்குக் கைப்பேசி சொல்லிக்கொடுக்கும் மின்னிலக்கத் தூதர்கள் உண்டு. கைப்பேசிக் கேமராவைக் கடிதத்தின் மேல் காட்டினால் தமிழில் மொழிபெயர்க்கும் செயலியைப் போட்டுத் தரச் சொல்லுங்கள், இலவசமாகச் செய்து தருவார்கள். கடிதம் எதைப் பற்றியது, அவசரமா இல்லையா என்று அதில் தெரிந்துவிடும். மருந்தின் அளவுக்கு மட்டும் அதை நம்ப வேண்டாம், மருந்தகத்திலேயே தமிழில் சொல்லச் சொல்லிக் கேட்டுவிடுங்கள்.

வகுப்பில் சேர்ந்ததும் ஆசிரியரிடம் உங்கள் கடிதங்களையே பாடமாக வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். மருத்துவமனைக் கடிதம் ஒன்றை எடுத்துக்கொண்டால், தேதி, நேரம், எந்தப் பிரிவு, எத்தனை மணி நேரம் சாப்பிடாமல் வர வேண்டும் என்று திரும்பத் திரும்ப வருவது முப்பது நாற்பது சொற்கள்தான். அந்த நாற்பதும் கண்ணுக்குப் பழகிவிட்டால் அடுத்த கடிதத்தில் பாதி புரியும். 'தி கேட் சாட் ஆன் தி மேட்' படிப்பதைவிட இதில் உங்களுக்கு ஆர்வம் நிற்கும்.

மகனிடம் என்ன பேசுவது

உங்கள் பணம், உங்கள் நேரம். ஒரு வகுப்பில் சேர மகனின் அனுமதி சட்டப்படி உங்களுக்குத் தேவையில்லை. ஆனால் ஒரே வீட்டில் இருக்கிறோம், அதை அப்படிச் சொல்லத் தேவையும் இல்லை. அவர் கோபத்தில் இரண்டு விஷயம் கலந்திருக்கிறது. அம்மாவை யாரோ ஏமாற்றிவிட்டார்கள் என்ற பயம் ஒன்று. அம்மா என்றால் வீட்டில் இருப்பவர் என்ற பழக்கம் இன்னொன்று. முதலாவது நியாயமானது, அதை ஒப்புக்கொள்ளுங்கள். "சிங்பாஸ் கொடுக்கலப்பா, பணத்தைத் திருப்பிக் கேட்கப் போறேன், கடிதம் எழுத நீதான் உதவி பண்ணணும்" என்று சொல்லுங்கள். அவருக்கு ஒரு வேலை கொடுத்தால் கத்துவது குறையும். அது முடிந்த பிறகு, வேறொரு நாள், ஆங்கில வகுப்பைப் பற்றிப் பேசுங்கள். இரண்டையும் ஒரே மூச்சில் பேசினால் அந்த 400 வெள்ளி எல்லாவற்றையும் விழுங்கிவிடும்.

பேசும்போது "ஆசையா இருக்கு" என்று நிறுத்தாமல் நாள், நேரம், கட்டணம் மூன்றையும் சொல்லுங்கள். செவ்வாய், வியாழன் காலை பத்து மணியிலிருந்து பன்னிரண்டு வரை, இவ்வளவு வெள்ளி, பேரன் வருவதற்கு நாலைந்து மணி நேரம் முன்பே வீட்டில் இருப்பேன். மறுப்பதற்கு அதில் அதிகம் இல்லை. மருமகளை முன்கூட்டியே சேர்த்துக்கொள்ளுங்கள், உங்களை வெளியே போகச் சொன்ன முதல் ஆள் அவர்தானே. பேரனிடமும் சொல்லுங்கள். இனிமேல் கடிதத்தை முழுக்கப் படித்துச் சொல்ல வேண்டாம், நான் படிக்கிறேன், தவறினால் மட்டும் திருத்து என்று. பதின்மூன்று வயதுப் பிள்ளைகள் இதில் நம்மைவிடப் பொறுமையானவர்கள்.

சமையல், துணி, பேரன் எல்லாம் முன்போலவே நடக்கும் என்று வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். வாரத்தில் இரண்டு நாள் சாப்பாடு எளிமையாக இருக்கும் என்று இப்போதே சொல்லிவிடுங்கள். பல அம்மாக்கள் எல்லாவற்றையும் முடித்துவிட்டு ஓடிவந்து, களைப்பில் வகுப்பில் தூங்கி, பிறகு "எனக்கு முடியவில்லை" என்று நிறுத்துகிறார்கள்.

வரிசை இப்படி இருக்கட்டும்: ரத்துக் கடிதம் இந்த வாரமே, ஏனென்றால் தள்ளிப்போனால் அவர்கள் வகுப்பு தொடங்கிவிட்டது என்பார்கள். காதுப் பரிசோதனைக்கு நேரம் வாங்குங்கள். சமூக மன்றத்துக்குப் போகும்போது அடையாள அட்டை, கண்ணாடி, கோயில் தோழிகளின் பெயர்ப் பட்டியல் ஆகியவற்றை எடுத்துப் போங்கள். எந்த வகுப்புக்குப் பணம் கட்டும் முன்னும் இரண்டு கேள்வி கேளுங்கள்: வகுப்பு தொடங்காவிட்டால் பணம் முழுசாகத் திரும்பி வருமா, ஒரு வகுப்பு உட்கார்ந்து பார்த்துவிட்டுச் சேரலாமா. பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அந்த மூளைப் பயிற்சி நிலையம் பணத்தைத் தர மறுத்தால் அவர்கள் சொன்ன பதிலோடு எனக்கு மறுபடி எழுதுங்கள், நடுவர் மன்றப் படிவத்தை எப்படி நிரப்புவது என்று விளக்குகிறேன்.